ஏனுங்க வண்டிக்காரர்

அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தால் எங்கள் பெரிய டாக்டருக்குக் காது மடல் சிவந்துவிடும். எவ்வளவு கோபம் என்பதை அந்தச் சிவப்பை வைத்தே நாங்கள் சொல்லிவிடுவோம். வண்டிக்காரர் மட்டும் அதைக் கண்டுகொள்ள மாட்டார். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு காலை வாசற்படிக்கு உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து நின்று, "ஏனுங்க டாக்டரய்யா..." என்று இழுப்பார். அந்த 'ஏனுங்க'வே அவருக்குப் பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது. நானும் கடைசிவரை கேட்டுக்கொள்ளவில்லை.

யுத்த காலம் அது. நான் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்தேன். அவர் அம்மாபேட்டையில் குடியிருந்தார். ஒரு ஜட்கா, ஒரு கிழட்டு மட்டக்குதிரை. ரயிலடியிலிருந்தும் பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரி எரித்து ஓட்டிய கரி பஸ் வந்து நிற்கும் இடத்திலிருந்தும் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு வருவார். வாய் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருப்பார். வண்டியைத் திருப்பும் முன் குதிரையிடம் "திரும்பலாமா சாமி?" என்பார். பிரசவ வலியோடு படுத்திருக்கும் பெண்ணிடம், "முன்னால ஒரு குழி வருது தாயி. மெதுவா எறக்கி ஏத்தட்டுமா, சுத்திக்கிட்டுப் போகட்டுமா?" என்பார். வலியில் துடிப்பவளிடம் போய் இதைக் கேட்பானேன் என்று கூட வருபவர்கள் அதட்டுவார்கள். ஆனால் அந்தப் பெண்கள் பதில் சொல்லுவார்கள். "சுத்தியே போங்க" என்பாள் ஒருத்தி. "குழியோட குழியா சீக்கிரம் போய்ச் சேருங்க" என்பாள் இன்னொருத்தி. அவள் சொன்னபடிதான் அவர் வண்டியை ஓட்டுவார்.

இன்றைக்கு ரத்தத்தைச் சேமித்து வைக்கிறார்கள், வேண்டும்போது எடுத்துப் போடுகிறார்கள். அன்று எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த வசதி இல்லை. நோயாளிக்கு ரத்தம் வேண்டுமென்றால் கூட வந்த உறவுக்காரர்களில் ஒருவர்தான் கொடுக்க வேண்டும். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்து, கண்ணாடித் துண்டில் வைத்து, நோயாளியின் ரத்தத்தோடு சேருமா சேராதா என்று டாக்டர் பார்ப்பார். சேர்ந்தால் கையிலிருந்து பாட்டிலில் எடுத்து, பக்கத்து அறைக்குக் கொண்டுபோய் நோயாளிக்கு ஏற்றுவோம்.

ஆனால் 'ரத்தம் வேண்டும்' என்று டாக்டர் சொன்ன மாத்திரத்தில் தாழ்வாரம் காலியாகிவிடும். ஒருவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவார். ஒருவர் வெற்றிலை வாங்கப் போவார். மிச்சமிருப்பவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். டாக்டர் சத்தம் போடுவார். சத்தம் போடப் போட இன்னும் இரண்டு பேர் நழுவுவார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு நாள். அறுவடைக்குப் போன இடத்தில் கதிர் அரிவாள் தொடையைக் கிழித்துவிட்டதென்று ஒரு பையனைத் தூக்கி வந்திருந்தார்கள். ரத்தம் நிறையப் போயிருந்தது. தாழ்வாரத்தில் அவனுடைய பெரியப்பன், சித்தப்பன், மாமன் என்று ஆறேழு ஆண்கள். டாக்டர் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களை ஏற்றி வந்த வண்டிக்காரர் வாசற்படியில் வந்து நின்றார்.

"ஏனுங்க டாக்டரய்யா, குத்தற ஊசி சுத்தமானதுங்களா?"

"கொதிக்கிற தண்ணியில போட்டு எடுக்கிறோம்யா."

"எவ்வளவு எடுப்பீங்க? ஒரு கொடம் எடுப்பீங்களாமே?"

"கொடமா? ஒரு சின்னச் செம்பு அளவுகூட வராது. உடம்புல அதைப்போலப் பல மடங்கு இருக்கு."

"எடுத்தது எடுத்ததுதானுங்களா, இல்ல மறுக்கா ஊறுமுங்களா?"

"ஊறும். தண்ணிப் பங்கு ரெண்டொரு நாள்ல ஊறிடும். செவப்புப் பங்கு ஊற சில வாரம் ஆகும். நல்லா சாப்பிட்டாப் போதும்."

"வெறும் வயித்தோட குடுக்கலாமுங்களா?"

"கூடாது. சாப்பிட்டுட்டு வரணும். குடுத்தப்புறம் கொஞ்ச நேரம் படுத்திருக்கணும், தண்ணி குடிக்கணும்."

இப்படியே போயிற்று. கள் குடிக்கிறவன் கொடுக்கலாமா என்று ஒரு கேள்வி. எங்கள் ஜில்லாவில் மதுவிலக்கு வந்திருந்த காலம். பையனுடைய மாமன் முகம் வெளிறிப்போனதை நானே பார்த்தேன். "போதையில இருக்கறவன்கிட்ட எடுக்க மாட்டேன். தெளிஞ்சு வந்தா எடுப்பேன். நான் போலீஸ் இல்ல, டாக்டர்" என்றார் டாக்டர். அடுத்து வந்ததுதான் எங்களைச் சிரிக்க வைத்தது.

"கல்யாணமான புதுசுல ரத்தம் குடுத்தா, பொறவு புள்ள பொறக்குமுங்களா?"

"அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லய்யா! பொறக்கும், நிறையப் பொறக்கும்!" டாக்டரின் காது செம்பருத்திப் பூவாகிவிட்டது. "எல்லாம் கேட்டாச்சில்ல? வந்து படு."

வண்டிக்காரர் படிக்கு வெளியே இருந்த காலுக்குப் பக்கத்தில் மற்றக் காலையும் எடுத்து வைத்துக்கொண்டார். "நமக்கு ஆகாதுங்க" என்று சொல்லிவிட்டுக் குதிரையிடம் போய்விட்டார்.

காயங்களுக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸர், "ஒரு மணி நேரம் பாடம் கேட்டுட்டு ஓடறான் பாரு, பயந்தாங்கொள்ளி" என்று உரக்கவே சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது. இதற்குள் அந்தப் பையனுடைய சித்தப்பனும் மாமனும் விரலை நீட்டிக்கொண்டு டாக்டர் முன்னால் நின்றிருந்தார்கள். பையன் பிழைத்தான். ஆனால் வண்டிக்காரர் கேட்டதற்கும் அவர்கள் விரல் நீட்டியதற்கும் எங்களில் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

அதன்பிறகு ரத்தம் வேண்டிய ஒவ்வொரு தடவையும் அவர் எப்படியோ அங்கே இருப்பார். அதே வாசற்படி, அதே 'ஏனுங்க'. கேள்விகளும் பெரும்பாலும் அதேதான். நடுவில் புதிதாக ஒன்றிரண்டு சேரும். "குடுக்கறவரோட கோவம், குணமெல்லாம் வாங்கறவருக்கு ஒட்டிக்குமுங்களா?" என்று ஒரு தடவை கேட்டார். டாக்டரே சிரித்துவிட்டார். "அப்படி ஒட்டறதா இருந்தா நானே ஒரு சாதுகிட்ட வாங்கி ஏத்திக்கிட்டிருப்பேன்" என்றார். தாழ்வாரத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு ரத்தம் கிடைக்கச் சிரமமே இல்லை.

லீவில் ஊருக்குப் போக ஒரு நாள் அவர் வண்டியில் ஏறினேன். வழியில் கேட்டே விட்டேன். "ஏனுங்கண்ணா, டாக்டர் சொல்ற பதிலெல்லாம் உங்களுக்கு மறந்து மறந்து போகுதா? கேட்டதையே கேட்கறீங்களே."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கடிவாளத்தை லேசாக இழுத்துக் குதிரையை நடக்க விட்டார்.

"மறக்கலீங்க நர்சம்மா. டாக்டரய்யா சொல்றதுக்கு முன்னாலயே எனக்கு வாயில வந்துருமுங்க."

"அப்புறம் எதுக்கு?"

"எனக்காகக் கேக்கலீங்களே."

சற்றுத் தூரம் போன பிறகு மீதியைச் சொன்னார். நான் வேலைக்கு வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன், வேறு ஓர் ஊர் ஆஸ்பத்திரியில் அவருடைய சம்சாரம் பிரசவமாகிக் கிடந்தாள். குழந்தை தங்கவில்லை. அவளுக்கு ரத்தப் போக்கு நிற்கவில்லை. இவர்தான் முதலில் கையை நீட்டினார். ஆனால் இவர் சின்ன வயதில் சேர்வராயன் மலையில் காபித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அங்கே பிடித்த மலைக்காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. நடுவில் மஞ்சள் காமாலை வேறு. 'உன் ரத்தம் ஆகாது, உன் வியாதி அவளுக்குப் போய்விடும்' என்று அந்த டாக்டர் ஒதுக்கிவிட்டார். சரியான காரியந்தான். வெளியே அவளுடைய அண்ணன் தம்பிகள் நின்றார்கள். திடகாத்திரமான ஆட்கள்.

"ஒருத்தரும் மாட்டேன்னு சொல்லலீங்க. சரின்னும் சொல்லலீங்க. அப்படியே நின்னாங்க. அவ போயிட்டா."

குதிரை தானாகவே ஓரமாக ஒதுங்கி ஒரு மாட்டு வண்டிக்கு வழி விட்டது.

"வருசம் திரும்பி அவளுக்குப் படையல் போட்டப்ப, சின்ன மச்சான் என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதானுங்க. அப்பத்தான் அவனுக்குக் கல்யாணமான புதுசு. ரத்தம் குடுத்தா ஆம்பளத்தனம் போயிரும், புள்ள பொறக்காதுன்னு எவனோ சொல்லியிருக்கறான். அத்தன பேரு முன்னால அதை எப்படீங்க கேப்பான்? கேட்டிருந்தா அந்த டாக்டரு ஒரு வார்த்தையில சொல்லியிருப்பாரு. கூடப் பொறந்தவமேல அவனுக்குப் பாசம் இல்லாம இல்லீங்க. வயித்துக்குள்ள ஒரு கேள்வி இருந்துச்சு. அதை எடுத்து வெளிய போட அன்னைக்கு ஆளில்லாமப் போச்சு."

பஸ் நிற்கும் இடம் வந்ததும் இறங்கினேன். அவர் என் பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு, "டாக்டரய்யாகிட்டச் சொல்லீராதீங்க. தெரிஞ்சா அவரு கோவமா பதில் சொல்ல மாட்டாரு. அவரு கோவமா சொன்னாத்தான் நம்ம சனங்க நெசம்னு நம்புவாங்க" என்றார்.

நான் சொல்லவில்லை. ஆனால் டாக்டருக்கு ஒரு நாள் தானாகவே புரிந்தது.

நாமக்கல் பக்கத்துப் பண்ணையக் குடும்பம் ஒன்று. தோட்டம், கிணறு, ஆள் அம்பு எல்லாம் உள்ளவர்கள். மருமகளுக்குப் பிரசவத்துக்குப் பின் ரத்தப் போக்கு. புருஷன், மாமனார், கொழுந்தன் எல்லாரும் முன்வந்து விரலைக் கொடுத்தார்கள். இந்தக் குடும்பத்தில் பயம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒருவர் ரத்தமும் சேரவில்லை. உறவு வேறு, ரத்தத்தின் வகை வேறு என்பதை டாக்டர் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு நாடி இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில், அவர்களோடு மாட்டு வண்டி ஓட்டி வந்த பண்ணையாளை டாக்டர் கூப்பிட்டார். அவன் மரத்தடியிலிருந்து தயங்கித் தயங்கி வந்தான். கண்ணாடித் துண்டைப் பார்த்துவிட்டு டாக்டர், "சேருது" என்றார்.

மாமனார் மேல்துண்டின் முனையை முறுக்கிக்கொண்டே நின்றார். அவருக்கு மருமகள் பிழைக்க வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 'எடுங்க' என்று சொல்ல விடாமல் ஒன்று தடுத்தது. அது என்னவென்று அங்கே எல்லாருக்கும் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கும் கூச்சம், கேட்க எங்களுக்கும் தைரியம் இல்லை.

"ஏனுங்க டாக்டரய்யா" என்று வாசற்படியிலிருந்து குரல் வந்தது. "அந்தக் கண்ணாடில பாத்தா எந்தச் சாதிக்காரரு ரத்தம்னு தெரியுமுங்களா?"

டாக்டர் நிமிர்ந்தார். வண்டிக்காரரைப் பார்த்தார், பிறகு பெரியவரைப் பார்த்தார். அன்றைக்குக் காது சிவக்கவில்லை.

"எத்தனையோ பேரோடதைப் பார்த்திருக்கேன்" என்று மெதுவாகச் சொன்னார். "அது மட்டும் தெரிஞ்சதில்ல. சேருமா, சேராதா, அவ்வளவுதான் தெரியும். இவனோடது உங்க மருமகளுக்குச் சேருது. உங்களோடது சேரல."

பெரியவர் துண்டை விட்டார். "எடுங்க" என்றார்.

டிரஸ்ஸர் பண்ணையாளின் கையைப் பிடித்தார். அப்போது வண்டிக்காரர் மறுபடியும், "ஒரு நிமிசம் இருங்க. அவனை யாரும் கேக்கலீங்களே" என்றார்.

நாங்கள் எல்லாரும் அவரையே பார்த்தோம். அவர் முதல் தடவையாக இரண்டு காலையும் உள்ளே வைத்து வந்து, அந்தப் பண்ணையாளின் முன்னால் நின்றார். "ஏஞ்சாமி, உனக்குச் சம்மதமா? வேண்டாம்னாலும் சொல்லலாம். இஷ்டமில்லாதவன்கிட்ட எடுக்க மாட்டாங்க. இல்லீங்களா டாக்டரய்யா?"

"எடுக்க மாட்டேன்" என்றார் டாக்டர்.

பண்ணையாள் எசமானின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பெண் கிடந்த அறையின் அடைத்த கதவைப் பார்த்தான். "எம்புள்ள காச்சல்ல கெடந்தப்ப அந்தம்மாதான் கஞ்சி காச்சிக் குடுத்தனுப்புனாங்க" என்றான். "எடுத்துக்கச் சொல்லுங்க. ஆனா ஒண்ணுங்க. நாளைக்குக் கெணத்துல மாடு பூட்டிக் கவலை ஓட்டி, தோட்டத்துக்குத் தண்ணி பாச்சோணும். முடியுமுங்களா?"

"நாளைக்குக் கூடாது. ரெண்டு நாளாவது பாரம் இழுக்காம இரு" என்றார் டாக்டர்.

"தண்ணியை நான் பாச்சிக்கறேன்" என்றார் பெரியவர். மாட்டைப் பிடித்துப் பல வருஷம் ஆகியிருக்கும் அவருக்கு. சொன்ன பிறகு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது போலிருந்தது.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். அவர்கள் எல்லாரும் போன பிறகு டாக்டர் கைகழுவிக்கொண்டே என்னிடம், "அந்த ஆளுக்கு எல்லாமே முன்னாடியே தெரியும், இல்லையாம்மா?" என்று கேட்டார். நான் தலையசைத்தேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. மறுவாரம் வண்டிக்காரர் வந்து 'ஊசி சுத்தமானதுங்களா' என்று ஆரம்பித்தபோது, டாக்டர் எப்போதையும்விட அதிகமாகவே எரிந்து விழுந்தார். அந்தக் கோபத்தில் எனக்கு மட்டும் கொஞ்சம் சந்தேகம்.

மலைக்காய்ச்சல் அவரை விடவில்லை. அதற்குக் கொடுக்கும் கொய்னா மாத்திரையெல்லாம் யுத்தத்துக்குப் போய்க்கொண்டிருந்தது, எங்களுக்கே தட்டுப்பாடு. குளிர் நடுக்கம் வரும்போது ஜட்காவுக்குள்ளேயே சுருண்டு படுத்துக்கொள்வார். குதிரைக்குக் கொள்ளும் கிடைக்கவில்லை. ஒரு நாள் குதிரையை ராசிபுரத்துக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, வெண்ணந்தூரில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். நான் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். கயிற்றுக் கட்டிலில் எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தார். "வாங்க நர்சம்மா" என்று எழுந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை. "டாக்டரய்யா எப்படி இருக்கறாரு? இன்னும் கோவப்படறாருங்களா? சனங்க ரத்தம் குடுக்கறாங்களா?" என்று அடுக்கினார். கேட்க முடிகிற வரைக்கும் அவருக்குத் தெம்பு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஐப்பசி மழை பிடித்தபோது போய்விட்டார் என்று அவருடைய அக்கா சொல்லி அனுப்பினாள். டாக்டரிடம் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

அவர் வெண்ணந்தூருக்குப் போன சில நாட்களிலேயே ஒரு கேஸ் வந்தது. அதைச் சொல்ல வேண்டும்.

கூலி வேலைக்குப் போகும் குடும்பம். மூன்றாம் மாதக் கர்ப்பம் கலைந்து, ரத்தமெல்லாம் போய், ஒரு பெண்ணைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். புருஷனின் ரத்தம் சேரவில்லை. தாழ்வாரத்தில் அவனுடைய அண்ணன்மார் இருவர், பங்காளிகள், இரண்டு மூன்று பெண்கள். டாக்டர் கேட்டார். பழைய மௌனம். ஒருவர் மாட்டைப் பார்க்க நகர்ந்தார். டாக்டருடைய கண் அவரையறியாமல் வாசற்படிக்குப் போனது. அங்கே யாரும் இல்லை.

நான் கையில் இருந்த தட்டை மேசையில் வைத்தேன். வாசற்படிக்குப் போய் நின்றேன்.

"ஏனுங்க டாக்டர், குத்தற ஊசி சுத்தமானதுங்களா?"

அந்த ஊசியைக் கொதிக்க வைத்ததே நான்தான். டிரஸ்ஸர் என்னைப் பார்த்து வாயைப் பிளந்தார். டாக்டர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு மேசையை ஓங்கித் தட்டி, "கொதிக்கிற தண்ணியில போட்டு எடுக்கிறோம்! எத்தனை தடவை சொல்றது?" என்று தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

எவ்வளவு எடுப்பீர்கள், திரும்ப ஊறுமா, வேலைக்குப் போகலாமா என்று நான் கேட்டேன். வரிசை தப்பிப் போயிற்று. புதுமாப்பிள்ளைக் கேள்வி மட்டும் எனக்கு வாயில் வரவில்லை. டாக்டரே அதற்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிட்டார். நகர்ந்து போனவர் திரும்பி வந்து நின்று காதுகொடுத்தார். ஆனாலும் யாரும் முன்னால் வரவில்லை. எனக்குக் கேட்க வேறு கேள்வியும் மிச்சமில்லை.

அப்போது ஆண்களுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"பொம்பளைங்க குடுக்கலாமுங்களா?"

அந்தப் பெண்ணின் ஓரகத்தி, மூத்தவனின் மனைவி அவள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். இத்தனை நாளில் வண்டிக்காரருக்குக்கூட இந்தக் கேள்வி தோன்றியதில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை. டாக்டர் ஆண்களைத்தானே கேட்டுக்கொண்டிருந்தார்.

"குடுக்கலாம்மா" என்றார் டாக்டர். "வயித்துல புள்ள இருக்கக் கூடாது. கைப்புள்ளைக்குப் பால் குடுக்கறவளா இருக்கக் கூடாது. உடம்புல ரத்தம் குறைச்சலா இருக்கக் கூடாது. பார்த்துட்டுத்தான் எடுப்பேன்."

"எங்கடைசிப் பையன் ஆடு மேய்க்கப் போறானுங்க. காலைல களி தின்னுட்டுத்தான் வந்தேன். காச்சல் கீச்சல் ஒண்ணுமில்லீங்க."

"நீ எதுக்குப் போற?" என்றான் அவள் புருஷன்.

"நீங்க நிக்கறீங்களே, அதுக்குத்தான். தள்ளுங்க."

கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, நாடி பார்த்து, காகிதத்தில் ஒரு சொட்டுத் தொட்டு நிறம் பார்த்து டாக்டர் தலையை ஆட்டினார். கண்ணாடித் துண்டிலும் சேர்ந்தது. அவள் கண்ணாடி வளையல்களை முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு படுத்தாள். நான் பட்டையைக் கட்டி ஊசியைச் செருகினேன். ஒரு தடவை உதட்டைக் கடித்தாள், அவ்வளவுதான். பாட்டிலில் ரத்தம் இறங்குவதைத் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் அவள் புருஷன் எட்டி எட்டிப் பார்த்தான். அவள் சத்தமாக என்னிடம் கேட்டாள்.

"ஏனுங்கம்மா, இது பத்தாதுன்னா?"

"இன்னொருத்தர் குடுக்கணும்."

"இவரு விரலையும் குத்திப் பாருங்க" என்றாள் அவள், வாசலைக் காட்டி. "நான் எந்திரிச்சுப் போறதுக்குள்ள வந்துருவாரு."

அவன் வந்தான்.